கணினிவழிப் பிளாஸ்மா வெட்டுப்பொறிகளில் மின்னிரைச்சலும் புவித்தொடுப்பும்: கடலூர் - சிதம்பரம் நிலப்பகுதியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் பிளாஸ்மா வெட்டுப்பொறிகளில் வெட்டுக்கோடு விலகுதல், பொறி இடையில் நின்றுபோதல், டார்ச்சின் உயரம் தடுமாறுதல் ஆகிய பழுதுகள் அடிக்கடி மின்னிரைச்சலால் நேர்கின்றன. இவற்றைப் போக்க மேலும் ஓர் எர்த் குழி தோண்டுவதும், அதுவும் பயன் தராதபோது பாதுகாப்பு எர்த் கம்பியையே கழற்றிவிடுவதும் பட்டறைகளில் காணப்படும் வழக்கங்களாகும். முதலாவது வழக்கம் பயனற்றது. இரண்டாவது உயிருக்குக் கேடானது. உயர் அதிர்வெண் மின்னோட்டம் மண்ணை நாடிச் செல்வதில்லை. தான் புறப்பட்ட மின்மூலத்திற்கே திரும்பிச் செல்கிறது. அது திரும்பும் பாதையைக் குறுகியதாகவும் அகன்றதாகவும் அமைப்பதே இரைச்சலுக்குத் தீர்வு என்பதை இக்கட்டுரை எளிய கணக்கீடுகளின் வழி விளக்குகிறது. கடலூர், சிதம்பரம் பகுதிகளின் மண்ணியல்பு இவ்விளக்கத்திற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பிளாஸ்மா வெட்டுதல், புவித்தொடுப்பு, பிணைப்பு, மின்னிரைச்சல், உயர் அதிர்வெண், மண் மின்தடைத்திறன், பாதுகாப்புக் கடத்தி.

முன்னுரை

மின்வில்லைக் குறுகிய துளையின் வழியே நெருக்கிச் செலுத்தி உலோகத்தை வெட்டும் டார்ச்சிற்கு, யூனியன் கார்பைடு நிறுவனத்தைச் சேர்ந்த இராபர்ட் கேஜ் 1957ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1952இல், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எண்வழிக் கட்டுப்பாட்டில் இயங்கும் மில்லிங் பொறி செய்துகாட்டப்பட்டது. தனித்தனியே வளர்ந்த இவ்விரு நுட்பங்களும் ஒரே மேசைமீது இணைந்ததே இன்றைய கணினிவழிப் பிளாஸ்மா வெட்டுப்பொறி. ஒரு காலத்தில் பெருந்தொழிற்சாலைகளுக்கு மட்டுமே உரியதாக இருந்த இப்பொறி இன்று இரும்புக் கதவும் சன்னல் கிராதியும் செய்யும் பட்டறைகளுக்கும் எட்டும் நிலையில் உள்ளது.

கடலூர் மாவட்டம் இப்பொருளை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி சிப்காட் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. மேற்கே நெய்வேலியில் 1956இல் தொடங்கப்பெற்ற பழுப்பு நிலக்கரி நிறுவனம் உள்ளது. சிதம்பரத்தில் 1929இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் புலத்தில் உற்பத்திப் பொறியியல் துறையும், பொருள்களை இணைத்தல் பற்றிய ஆய்வு மையமும் இயங்குகின்றன. உலோகம் வெட்டுதலும் இணைத்தலும் இங்குத் தொழிலாகவும் கல்வியாகவும் ஒருங்கே நிலவுகின்றன. மேலும், உவர்நீர் ஊறிய கடற்கரை, வண்டல் படிந்த ஆற்றுப்படுகை, வறண்ட செம்மண் மேடு ஆகிய மூவகை நிலமும் இம்மாவட்டத்தில் சிறிது தொலைவிற்குள் அமைந்துள்ளன. 'மண் நன்றாக இருந்தால் எர்த் நன்றாக இருக்கும். எர்த் நன்றாக இருந்தால் பொறி நன்றாக ஓடும்' என்னும் பொதுக்கருத்தைச் சோதித்துப் பார்க்க இதனினும் பொருத்தமான நிலப்பகுதி தேவையில்லை.

வெட்டுப்பொறியுள் எதிரெதிரான இரு மின்னமைப்புகள்

பிளாஸ்மா வெட்டுப்பொறியில் ஆற்றல் அளவில் பெரிதும் வேறுபட்ட இரு மின்னமைப்புகள் அருகருகே இயங்குகின்றன. முதலாவது, வெட்டும் மின்சுற்று. பிளாஸ்மா மின்மூலத்தின் எதிர்முனை டார்ச்சினுள் இருக்கும் மின்வாயோடும், நேர்முனை கனமான கம்பிவடம் ஒன்றின் வழியே வெட்டப்படும் தகட்டோடும் இணைக்கப்படுகின்றன. வெட்டும்போது 100 வோல்ட்டிற்கு மேற்பட்ட மின்னழுத்தத்தில் பல பத்து முதல் சில நூறு ஆம்பியர் வரை நேர்மின்னோட்டம் பாய்கிறது. மின்வில்லைத் தொடங்கி வைக்கப் பல பொறிகளில் சில ஆயிரம் வோல்ட் அளவுள்ள உயர் அதிர்வெண் துடிப்பு பயன்படுத்தப்படுகிறது. அத்துடிப்பின் அதிர்வெண் மெகாஹெர்ட்ஸ் அளவில் அமைவது. மின்வாயும் முனைக்குழலும் முதலில் தொட்டுக்கொண்டிருந்து, காற்றழுத்தத்தால் பிரியும்போது மின்வில் தோன்றும் 'தொடுகைத் தொடக்க' முறையில் இவ்வுயர் அதிர்வெண் துடிப்பு தேவைப்படுவதில்லை.

இரண்டாவது, கட்டுப்பாட்டு மின்சுற்று. கணினியிலிருந்து மோட்டார் இயக்கிகளுக்குச் செல்லும் துடிப்புகள் 5 வோல்ட் அளவினவே. என்கோடர், லிமிட் சுவிட்ச், டார்ச் உயரக் கட்டுப்பாடு ஆகியவற்றின் குறிகைகளும் சிறிய அளவினவே. ஆயிரக்கணக்கான வோல்ட் துடிப்பும் 5 வோல்ட் குறிகையும் சில சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரே கம்பிச்சங்கிலித் தடத்தில் ஓடுகின்றன. இந்த அண்மையே சிக்கலின் தோற்றுவாய்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒரு சுற்றுக்கு 2000 துடிப்பு தேவைப்படும் ஸ்டெப்பர் மோட்டார், ஒரு சுற்றில் டார்ச்சை 60 மில்லிமீட்டர் நகர்த்துவதாகக் கொள்வோம். ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 33 துடிப்புகள் ஆகின்றன. இரைச்சலால் 33 போலித் துடிப்புகள் புகுந்துவிட்டால் வெட்டுக்கோடு 1 மில்லிமீட்டர் விலகிவிடும். பின்னூட்டம் இல்லாத ஸ்டெப்பர் அமைப்பில் இப்பிழை தானாகத் திருந்தாது. ஒவ்வொரு முறை மின்வில் தொடங்கும்போதும் சேர்ந்துகொண்டே செல்லும். ஒரே தகட்டில் பல துண்டுகளை வெட்டும்போது முதல் துண்டு சரியாகவும் கடைசித் துண்டு கோணலாகவும் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

டார்ச் உயரக் கட்டுப்பாட்டின் நிலை இன்னும் நுட்பமானது. மின்வில்லின் மின்னழுத்தத்தை அளந்து டார்ச்சை ஏற்றி இறக்குவது அதன் பணி. 120 வோல்ட்டை 50இல் ஒரு பங்காகக் குறைத்து அளக்கும் அமைப்பில், கட்டுப்பாட்டுப் பலகைக்கு வருவது 2.4 வோல்ட் மட்டுமே. அக்கம்பியில் 0.1 வோல்ட் இரைச்சல் கலந்தால், மின்வில்லின் மின்னழுத்தம் 5 வோல்ட் மாறியதாகக் கருவி தவறாக உணரும். டார்ச் தேவையின்றி ஏறும் அல்லது தகட்டில் மோதும்.

இரைச்சல் புகும் வழிகள்

இரைச்சல் மூன்று வழிகளில் கட்டுப்பாட்டுச் சுற்றினுள் புகுகிறது.

முதலாவது, மின்புலத்தின் வழியாக. டார்ச் கம்பிவடமும் குறிகைக் கம்பியும் அருகருகே செல்லும்போது அவற்றிடையே கண்ணுக்குப் புலனாகாத சிறிய மின்தேக்குத்திறன் உருவாகிறது. அதன் அளவு 10 பிக்கோஃபாரட் என்றும், துடிப்பு 1 மைக்ரோநொடியில் 5000 வோல்ட் உயர்கிறது என்றும் கொண்டால், அதன் வழியே பாயும் மின்னோட்டம் 50 மில்லிஆம்பியர் ஆகும். அது 1000 ஓம் உள்ள உள்ளீட்டில் பாய முற்பட்டால் 50 வோல்ட் தோன்றும். 5 வோல்ட்டை 'ஒன்று' எனக் கொள்ளும் சுற்றுக்கு இது பத்து மடங்கு.

இரண்டாவது, காந்தப்புலத்தின் வழியாக. வெட்டும் மின்னோட்டம் செல்லும் கம்பியும் திரும்பும் கம்பியும் ஒன்றிலிருந்து ஒன்று விலகி இருந்தால், அவற்றிடையே பெரிய வளையம் உருவாகிறது. அவ்வளையத்தின் பரப்பிற்கு ஏற்ப அருகிலுள்ள கம்பிகளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 100 ஆம்பியர் 10 மைக்ரோநொடியில் உயர்கையில், 0.1 மைக்ரோஹென்றி அளவே பரிமாற்று மின்தூண்டல் இருந்தாலும் 1 வோல்ட் தூண்டப்படும்.

மூன்றாவது, பொதுவான கடத்தியின் வழியாக. வெட்டும் மின்னோட்டத்தின் ஒரு பகுதியும் குறிகையின் திரும்பு மின்னோட்டமும் ஒரே கம்பியில் பாய்ந்தால், முன்னது உண்டாக்கும் மின்னழுத்த வேறுபாடு பின்னதில் கலந்துவிடுகிறது. துருப்பிடித்த தகட்டின் மீது பெயரளவிற்குக் கவ்வியிருக்கும் கிளாம்ப் இதற்குச் சிறந்த சான்று. முறையான பாதையில் மறிப்பு கூடும்போது மின்னோட்டம் மேசைச் சட்டம், நகர்பாலம், மோட்டார் உடல், கட்டுப்பாட்டுப் பெட்டி எனக் கிடைத்த வழிகளிலெல்லாம் திரும்ப முயல்கிறது.

இம்மூன்று வழிகளிலும் ஒன்று பொதுவாக இருப்பதைக் காணலாம். மின்மூலத்திலிருந்து புறப்பட்ட மின்னோட்டம் மீண்டும் அம்மூலத்தையே அடைய வேண்டும். அதற்கான வழியில்தான் அது பிற சுற்றுகளைத் தொடுகிறது. மண் அதன் இலக்கு அன்று.

ஒரு சொல்லும் மூன்று பணிகளும்

பட்டறை வழக்கில் 'எர்த்' என்னும் ஒரே சொல் மூன்று வெவ்வேறு பணிகளைக் குறிக்கிறது. பாடநூல்களில் வழங்கும் 'புவித்தொடுப்பு' என்னும் சொல்லும் இவ்வேறுபாட்டைப் புலப்படுத்துவதில்லை. ஆகவே, இவற்றைப் பெயரிட்டுப் பிரித்துக்கொள்வது இன்றியமையாதது.

ஒன்று, பாதுகாப்புக் கடத்தி. உயிர்க்கம்பி பொறியின் உடலைத் தொட்டுவிட்டால், பெருமின்னோட்டத்தை உலோகப் பாதை வழியே மின்மாற்றியின் நடுநிலைப் புள்ளிக்குக் கொண்டுசென்று மின்துண்டிப்பானை உடனே இயங்கச் செய்வது இதன் பணி. இரண்டு, மண்தொடர்பு. மின்மாற்றியின் நடுநிலைப் புள்ளியையும் பொறிகளின் உடலையும் நிலத்தின் மின்னழுத்தத்தோடு ஒட்டி வைத்திருப்பதும், இடிமின்னல் போன்றவற்றின் மின்னோட்டத்தை நிலத்தில் பரப்புவதும் இதன் பணிகள். மூன்று, பிணைப்பு. மேசை, நகர்பாலம், மின்மூலம், கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றின் உலோக உடல்களை ஒன்றோடொன்று இணைத்து, அவற்றிடையே மின்னழுத்த வேறுபாடு தோன்றாமல் காப்பது இதன் பணி.

உயிரைக் காப்பதில் முதலாவது தலையாயது. இரைச்சலைத் தணிப்பதில் மூன்றாவது தலையாயது. ஆனால், இரண்டு குறைகளுக்கும் மருந்தாகப் பட்டறைகளில் நாடப்படுவது இரண்டாவதாகிய மண்ணே. சொல் ஒன்றாக இருப்பதால் பணியும் ஒன்றே என்னும் மயக்கம் நேர்கிறது.

கடலூர் - சிதம்பரம் மண்ணியல்பு

கடலூர் நகரம் தென்பெண்ணையும் கெடிலமும் கடலில் சேரும் இடத்தில் அமைந்தது. பழைய நகர்ப்பகுதியை ஒட்டி உப்பனாறு ஓடுகிறது. அங்கு ஆழமின்றியே உவர்நீர் ஊறிய மண் கிடைக்கிறது. நகரின் மேற்கே கேப்பர் மலை என வழங்கும் செம்மண் மேடு எழுகிறது. நிலவியலார் 'கடலூர் மணற்கல்' எனப் பெயரிட்டு வழங்கும் பாறையடுக்கு இப்பகுதியைச் சார்ந்தது. தெற்கே வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையில் சிதம்பரம் அமைந்துள்ளது. அங்கு ஆற்று வண்டலும் களிமண்ணும் மிகுதி. கிழக்கே பிச்சாவரத்தின் அலையாத்திக் காடுகள் வரை உவர்நிலம் பரவியுள்ளது.

மண்ணின் மின்தடைத்திறன் அதன் ஈரம், உப்பு, மண்துகளின் தன்மை ஆகியவற்றைப் பொறுத்தது. உவர்நீர் ஊறிய மண்ணில் அது சில ஓம்-மீட்டராகவும், ஈரக் களிமண்ணில் சில பத்து ஓம்-மீட்டராகவும், வறண்ட மணற்பாங்கான செம்மண்ணில் பல நூறு ஓம்-மீட்டராகவும் அமைவது இயல்பு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குறைந்தும் கோடையில் உயர்ந்தும் காணப்படும்.

இந்தியத் தர நிர்ணயமாகிய ஐ.எஸ். 3043, செங்குத்தாக நடப்பட்ட எர்த் கம்பியின் மின்தடையைக் கணக்கிடும் வாய்பாட்டைத் தருகிறது. 3 மீட்டர் நீளமும் 16 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட கம்பி ஒன்றை அவ்வாய்பாட்டின்படி கணக்கிட்டால் பின்வரும் அளவுகள் கிடைக்கின்றன. மண்ணின் மின்தடைத்திறன் 5 ஓம்-மீட்டராயின் 1.8 ஓம், 20 ஓம்-மீட்டராயின் 7 ஓம், 100 ஓம்-மீட்டராயின் 35 ஓம், 500 ஓம்-மீட்டராயின் 176 ஓம். ஒரே கம்பி, நடப்பட்ட இடத்தைப் பொறுத்து ஏறத்தாழ நூறு மடங்கு வேறுபடுகிறது. இவ்வளவு பெரிய வேறுபாடு பொறியின் நடத்தையிலும் தென்பட வேண்டும் என எதிர்பார்ப்பது இயல்பே. அது ஏன் தென்படுவதில்லை என்பதை அடுத்து நோக்கலாம்.

மண் செய்ய இயலாதவை

முதலில் இரைச்சலைக் கருதுவோம். வெட்டுமேசையிலிருந்து பட்டறைக்கு வெளியே உள்ள எர்த் குழிவரை 12 மீட்டர் நீளக் கம்பி செல்வதாகக் கொள்க. நேரான கம்பியின் மின்தூண்டல் எண் மீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி. ஆகவே, அக்கம்பியின் மின்தூண்டல் எண் 12 மைக்ரோஹென்றி. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அதன் மின்மறுப்பு 0.004 ஓமிற்கும் குறைவு, கருதத் தக்கதன்று. மின்வில்லைத் தொடங்கும் துடிப்பின் அதிர்வெண்ணை 2 மெகாஹெர்ட்ஸ் எனக் கொண்டால், அதே கம்பியின் மின்மறுப்பு ஏறத்தாழ 150 ஓம்.

குழியின் மின்தடை 7 ஓம் என்பதிலிருந்து 1.8 ஓமாகக் குறைந்தாலும், 150 ஓம் கம்பிக்குப் பின்னால் அம்மாற்றம் புலப்படாது. உப்பும் கரியும் இட்டு, நீரூற்றி, ஆழப்படுத்தி எர்த் சோதனைக் கருவியில் மிகச் சிறந்த அளவைப் பெற்ற பின்னரும் பொறி முன்போலவே தடுமாறுவதற்கு இதுவே காரணம். கருவி அளந்தது குழியை. குறுக்கே நின்றது கம்பி.

கம்பியைத் தடிமனாக்கினாலும் பெரும்பயன் இல்லை. உயர் அதிர்வெண் மின்னோட்டம் கடத்தியின் மேற்பரப்பிலேயே பாய்கிறது. செம்பில் 50 ஹெர்ட்ஸில் 9 மில்லிமீட்டர் அளவாக இருக்கும் இவ்வூடுருவு ஆழம், 2 மெகாஹெர்ட்ஸில் 0.05 மில்லிமீட்டருக்கும் குறைகிறது. எனவே, உருண்டைக் கம்பியை விட அகன்ற பட்டையும், நீண்ட பாதையை விடக் குறுகிய பாதையும் பயன் தருகின்றன.

இனிப் பாதுகாப்பைக் கருதுவோம். பொறியின் உடல் தனிக்குழி ஒன்றோடு மட்டும் இணைக்கப்பட்டு, மின்மாற்றிவரை உலோகப் பாதை இல்லை எனக் கொள்க. குழியின் மின்தடை 7 ஓம். மின்மாற்றியின் நடுநிலைத் தொடுப்பு 1 ஓம். 230 வோல்ட் உயிர்க்கம்பி பொறியின் உடலைத் தொட்டால் பாயும் மின்னோட்டம் 28.75 ஆம்பியர். அது 32 ஆம்பியர் மின்துண்டிப்பானை இயக்காது. பொறியின் உடலோ நிலத்திற்கு 201 வோல்ட் மேலாக அப்படியே நிற்கும். தகட்டை எடுக்கக் கைவைக்கும் தொழிலாளியே அதை முதலில் அறிய நேரும்.

உவர்நிலத்தின் 1.8 ஓம் குழியிலும் நிலை பெரிதும் மாறுவதில்லை. மின்னோட்டம் ஏறத்தாழ 82 ஆம்பியராக உயரும். பொறியின் உடல் 148 வோல்ட் அளவில் இருக்கும். துண்டிப்பான் உடனே இயங்காது, சில நொடிகளோ அதற்கு மேலோ ஆகலாம். மாறாக, பாதுகாப்புக் கடத்தி வழியாக 0.3 ஓம் மொத்த மின்தடை கொண்ட உலோகப் பாதை இருந்தால், 760 ஆம்பியருக்கு மேல் பாய்ந்து அதே துண்டிப்பான் கணத்தில் இயங்கிவிடும். உலோகப் பாதை கிடைக்காத மின்னிணைப்புகளில் கசிவுமின்னோட்டத் துண்டிப்பான் பொருத்துவது கட்டாயத் தேவை என்பதும் இதனால் பெறப்படும்.

'தனி எர்த்' என்னும் பிழைப்புரிதல்

இரைச்சல் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு எர்த் கம்பி வழியே வருகிறது. ஆகவே பெட்டிக்குத் 'தூய்மையான' தனிக்குழி வேண்டும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. இதற்குச் சட்டத்தின் சொல்லும் ஒரு வகையில் துணைபோகிறது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், நடுத்தர மின்னழுத்தத்தில் இயங்கும் நிலையான மோட்டார் போன்றவற்றின் சட்டத்தைத் தனித்தனியான இரு இணைப்புகளால் புவியோடு தொடுக்க வேண்டும் எனக் கூறின. மத்திய மின்சார ஆணையத்தின் பிற்காலப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் இவ்விதி தொடர்கிறது. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று காக்க வேண்டும் என்பதே இவ்விதியின் நோக்கம். தனித்தனி என்பது கடத்திகளுக்கு உரிய அடை. ஒன்றோடொன்று தொடர்பற்ற குழிகளுக்கு உரியதன்று. ஒரு வளாகத்தின் எர்த் குழிகள் யாவும் தம்முள் இணைக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

இணைக்கப்படாத குழியின் கேடு இடிமின்னலின்போது வெளிப்படுகிறது. 10,000 ஆம்பியர் மின்னோட்டம் 5 ஓம் குழி ஒன்றில் இறங்கினால் அக்குழி 50,000 வோல்ட் உயர்கிறது. மேசை ஒரு குழியிலும் கட்டுப்பாட்டுப் பெட்டி மற்றொரு குழியிலும் தொடுக்கப்பட்டிருந்தால், இவ்வேறுபாடு முழுவதும் அவற்றை இணைக்கும் மெல்லிய குறிகைக் கம்பியின்மீது விழும். இரண்டும் ஒரே பிணைப்பில் இருந்தால் அவை சேர்ந்தே உயர்ந்து சேர்ந்தே தாழும். இடையே வேறுபாடு மிகக் குறைவு. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்த கடலூர் மாவட்டத்தில், மின்வழங்கல் பாதையின் நடுநிலைக் கம்பி அறுதல், இடிமின்னல் ஆகியவற்றை அரிதாக நேரும் நிகழ்வுகள் என ஒதுக்கிவிட இயலாது.

மேசையருகே ஓர் எர்த் கம்பி நட வேண்டும் எனச் சில பொறி உற்பத்தியாளர்களின் கையேடுகள் கூறுவதுண்டு. அது இங்குக் கூறியதற்கு முரணன்று. அக்கம்பி பாதுகாப்புக் கடத்தியோடு பிணைக்கப்பட்ட கூடுதல் கம்பியாக இருக்க வேண்டுமேயன்றி, அதற்கு மாற்றாக இருத்தல் கூடாது.

எர்த் கம்பியைக் கழற்றியதும் பொறி சீராக ஓடியது என்னும் கூற்றையும் நோக்க வேண்டும். அது உண்மையாகவே நிகழக்கூடும். பெட்டியின் வழியே திரும்பிக்கொண்டிருந்த இரைச்சல் மின்னோட்டத்தின் ஒரு பாதை அறுபடுவதால் அப்போதைக்குத் தொல்லை குறைகிறது. அதிலிருந்து பெற வேண்டிய முடிவு, எர்த் வேண்டாம் என்பதன்று. இரைச்சல் திரும்புவதற்கு இதைவிட எளிய பாதை வேறெங்கும் அமைக்கப்படவில்லை என்பதே.

பிணைப்பை அமைக்கும் முறை

மேற்கூறியவற்றின் அடிப்படையில் பிணைப்பு முறையைப் பின்வருமாறு வரையறுக்கலாம்.

வெட்டுமேசையின் சட்டத்தில் ஓரிடத்தைப் பொதுப்புள்ளியாகக் கொள்ள வேண்டும். பிளாஸ்மா மின்மூலத்தின் நேர்முனைக் கம்பிவடம், நகர்பாலத்தின் பிணைப்பு, கட்டுப்பாட்டுப் பெட்டியின் பிணைப்பு, பாதுகாப்புக் கடத்தி ஆகியன அப்புள்ளியில் கூட வேண்டும். மின்மூலத்தையும் பெட்டியையும் மேசைக்கு இயன்றவரை அருகில் நிறுத்தினால் ஒவ்வொரு பிணைப்பும் குறுகும். நகர்பாலத்தின் சக்கரங்களும் தாங்கிகளும் மின்தொடர்புக்கு நம்பத் தக்கவை அல்ல. நெகிழும் பின்னல் செம்புப்பட்டையால் அதனை மேசையோடு பிணைத்தல் வேண்டும். மேசையின் கிராதிகள் கசடு படிந்து மின்தொடர்பை இழப்பதால், மெல்லிய தகடுகளை வெட்டும்போது கிளாம்பைத் தகட்டிலேயே கவ்வுதல் நன்று.

டார்ச் கம்பிவடமும் நேர்முனைக் கம்பிவடமும் அருகருகே செல்லுமாறு அமைத்தால் அவற்றிடையே உள்ள வளையப் பரப்பு குறைந்து காந்தப்புலத் தூண்டல் தணியும். மிகுந்த நீளத்தைச் சுருளாகச் சுற்றி வைக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். குறிகைக் கம்பிகளை அவற்றிலிருந்து விலக்கித் தனித்தடத்தில் செலுத்த வேண்டும். இரண்டும் குறுக்கிட நேரும் இடத்தில் செங்கோணத்தில் கடக்கச் செய்ய வேண்டும்.

குறிகைகளுக்கு முறுக்கிய இணைக்கம்பிகளைக் கொண்ட கவச வடம் ஏற்றது. கவசத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் உலோகச் சுவரில் சுற்றுமுழுவதும் பற்றுமாறு பொருத்த வேண்டும். அதனை நீண்ட வாலாக முறுக்கி ஒரு திருகில் கட்டினால், அவ்வாலின் மின்தூண்டலே கவசத்தின் பயனைக் கெடுத்துவிடும். லிமிட் சுவிட்ச்சுகளை 5 வோல்ட்டில் அன்றி 24 வோல்ட்டில் இயக்குதல், உள்ளீடுகளுக்கு ஒளிவழிப் பிரிப்பான் பயன்படுத்துதல், ஃபெர்ரைட் வளையம் பூட்டுதல் ஆகியன துணை செய்யும். இவை யாவும் பிணைப்பிற்குப் பின்னரே கருதத் தக்கவை. புதிதாக வாங்குவோர் தொடுகைத் தொடக்க முறையில் இயங்கும் மின்மூலத்தைத் தேர்ந்தால் சிக்கலின் பெரும்பகுதி தோன்றும் முன்பே விலகும்.

கடற்கரைப் பகுதிக்கு உரிய சில எச்சரிக்கைகளும் உள்ளன. மண்தொடர்புக்கு உதவும் உவர்ப்பு, அத்தொடர்பைத் தாங்கும் உலோகத்தை அரிக்கிறது. செம்பும் துத்தநாகம் பூசிய இரும்பும் உப்புக்காற்றில் ஒன்றையொன்று தொட்டிருந்தால் மின்வேதி அரிப்பு விரைகிறது. ஈயம் பூசிய செம்புப்பட்டை, வண்ணப்பூச்சு முற்றும் நீக்கிய தொடுபரப்பு, இறுக்கிய பின் மேலே தடவும் கிரீஸ் ஆகியன இணைப்பின் ஆயுளை நீட்டிக்கும். பருவமழைக்கு முன்னும் பின்னும் இணைப்புகளைத் திறந்து பார்ப்பது நல்லது. வெட்டும்போது எழும் இரும்புத்தூள் மின்கடத்தியாகும். ஈரக்காற்றோடு அது கட்டுப்பாட்டுப் பலகையில் படிந்தால் இரைச்சலைப் போன்றே பழுதுகள் தோன்றும். பெட்டியின் மூடியைத் திறந்துவைத்து இயக்குதல் தகாது.

பழுதைக் கண்டறியும் ஒழுங்கு

ஆய்வகத்தில் மாணவர்க்குக் கற்பிக்க ஏற்ற எளிய ஒழுங்கு ஒன்றைக் கூறலாம். முதலில் மின்வில் இன்றி நிரலை முழுவதும் ஓட்டித் தொடக்கப் புள்ளிக்குத் திரும்பச் செய்ய வேண்டும். அப்போதே விலகல் தோன்றினால் அது பற்சக்கரம், வார்ப்பட்டை, மோட்டார் அமைப்பு ஆகியவற்றின் குறை, இரைச்சல் அன்று. விலகல் இல்லையெனில், நகர்பாலத்தை நிறுத்திவைத்து, ஒரு பழைய தகட்டின்மீது மின்வில்லைப் பலமுறை தொடங்கி நிறுத்தி, நிலையெண்ணும் உள்ளீட்டு விளக்குகளும் மாறுகின்றனவா என நோக்க வேண்டும். தொடக்கக் கணத்தில் மட்டும் மாறினால் உயர் அதிர்வெண் துடிப்பையும், வெட்டும் நேரம் முழுவதும் மாறினால் நேர்முனைக் கம்பிவடத்தையும் கிளாம்பையும் முதலில் ஐயுற வேண்டும். பின்னர் ஒவ்வொரு குறிகைக் கம்பியாகப் பிரித்துச் சோதித்தால் புகுவழி தெரியவரும். இச்சோதனைகளின்போது அவசர நிறுத்தப் பொத்தானின் இணைப்பையும் பாதுகாப்புக் கடத்தியையும் ஒருபோதும் பிரித்தல் கூடாது.

சாதாரண மல்ட்டிமீட்டர் எர்த் குழியின் மின்தடையையோ மெகாஹெர்ட்ஸ் இரைச்சலையோ அளக்காது என்பதும் மாணவர் உணர வேண்டிய ஒன்று. முன்னதற்கு மூன்று முனைகளைக் கொண்ட எர்த் சோதனைக் கருவியும், பின்னதற்கு அலைவுகாட்டியும் தேவை.

முடிவுரை

கடலூர்க் கடற்கரையின் உவர்மண்ணும் கேப்பர் மலையின் செம்மண்ணும் எர்த் குழியின் அளவை நூறு மடங்கு வேறுபடுத்த வல்லவை. ஆயினும், பிளாஸ்மா வெட்டுப்பொறியின் இரைச்சலை இவ்வேறுபாடு தீர்மானிப்பதில்லை. இரைச்சலைத் தீர்மானிப்பது மேசைக்கும் மின்மூலத்திற்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் இடையே உள்ள சில மீட்டர் உலோகப் பாதையே. உயிரைக் காப்பதும் பொறியிலிருந்து மின்மாற்றிவரை அறாது செல்லும் மற்றோர் உலோகப் பாதையே. மண்தொடர்பு இவ்விரண்டிற்கும் துணை, மாற்று அன்று.

பாதுகாப்புக் கடத்தி, மண்தொடர்பு, பிணைப்பு ஆகிய மூன்றையும் 'எர்த்' என்னும் ஒரே சொல்லால் சுட்டும்வரை, ஒன்றன் குறைக்கு மற்றொன்றை மருந்தாகக் கொள்ளும் பிழை தொடரும். பல்தொழில்நுட்பக் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் இம்மூன்றையும் வேறுவேறு பெயர்களால் கற்பித்து, ஒவ்வொன்றையும் தனியே சோதிக்கும் பயிற்சியை அளித்தல் வேண்டும். அப்பயிற்சி பெற்ற ஒருவர், பொறி தடுமாறும் வேளையில் எர்த் கம்பியைக் கழற்ற முனையாமல், திரும்பு பாதை எங்கே தடைப்பட்டுள்ளது என்று தேடத் தொடங்குவார்.